ஒன்பது அங்குலம்

மே 29

நேற்று பால்காய்ப்பு. ஆனி பிறந்துவிட்டால் புதுவீடு புகக்கூடாது என்று என் மனைவி உலகம்மாள் ஒற்றைக்காலில் நின்றதால், உள்வேலை முடிந்த கையோடு குடிவந்துவிட்டோம். வெளிவேலை அப்படியே கிடக்கிறது. வந்தவர்கள் தரையைப் பாராட்டினார்கள், அடுக்களை மேடையைத் தடவிப் பார்த்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டவர்களை எல்லாம் கேசரி ஆறிவிடும் என்று சொல்லி உள்ளேயே உட்கார வைத்தேன். முகத்துக்கு மட்டும் பவுடர் போட்ட ஆள் மாதிரி நிற்கிறது வீடு.

முப்பத்தொரு வருடம் நில அளவையராக இருந்து பீல்டு புக் எழுதிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால் இந்த நோட்டு. வெளிவேலை முடியும்வரை நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுவதாக உத்தேசம்.

மே 31

மொட்டைமாடியில் தட்டோடு பதிக்க வேண்டும். சன்ஷேடு விளிம்பில் தண்ணீர் உள்ளே ஓடாமல் வடிய வழி செய்ய வேண்டும். கேட் இன்னும் பட்டறையிலேயே இருக்கிறது. முன்பக்கம், கிழக்கு, பின்பக்கம் மூன்றும் பூசியாயிற்று, பெயிண்ட்தான் பாக்கி. சந்தன நிறம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மேற்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 4

மேற்கைப் பற்றி எழுதித்தான் ஆகவேண்டும். அந்தப் பக்கம் வெறும் செங்கல்.

எங்களுக்கு மேற்கே சிதம்பரவடிவு வீடு. தபால்காரரின் மனைவி, அவர் காலமாகி ஏழெட்டு வருடம் ஆகிறது. இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அவள் கொல்லைக்கும் எங்கள் மனைக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி இருந்தது. போன வருடம் அஸ்திவாரம் தோண்டுமுன், தெருவில் நாலு பேரைச் சாட்சிக்கு நிறுத்தி நானே அளந்தேன். வேலி ஒன்பது அங்குலம் என் பக்கம் தள்ளியிருப்பதாக வந்தது.

"எங்க மாமனார் காலத்து வேலி சார்" என்றாள்.

"வேலிக்குக் கண்ணு கிடையாதும்மா. டேப்புக்கு உண்டு" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். என்ன அருமையான வசனம் என்று அன்று முழுக்க நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். மறுநாளே வேலியைப் பிடுங்கவைத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். பேச்சிமுத்து கொத்தனார், ரெண்டடி உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பலாம் என்றார். என் மண்ணில் ஓரங்குலம் விடமாட்டேன் என்று கோட்டின் மேலேயே கட்டச் சொன்னேன். நூல் பிடித்த சுவர். தாலுகாவிலேயே இவ்வளவு துல்லியமான சுவர் கிடையாது. ஆனால் அதன் வெளிப்பக்கம் பூச வேண்டுமென்றால் சாரம் கட்ட வேண்டும், சாரம் கட்ட வேண்டுமென்றால் வடிவின் கொல்லையில்தான் கால் ஊன்ற வேண்டும். கொத்தனாருக்கு நிற்க இடம் வேண்டும் என்பது இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் 6

சாரல் ஆரம்பித்துவிட்டது. தென்காசியே சந்தோஷமாக இருக்கிறது. அருவியில் தண்ணீர் விழுகிறதாம். என் வீட்டிலும் விழும் போலிருக்கிறது.

ஜூன் 9

மேற்கு அறையின் உள்சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது. சாரல் காற்று மேற்கேயிருந்துதான் அடிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை. ஈரத்தை ஒரு சர்வேயர் என்ற முறையில் பார்வையிட்டேன். எல்லைகள் தெளிவாக இல்லை. பரப்பளவு மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

அது இந்துமதிக்கு என்று கட்டிய அறை. மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து மதுரையில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். ஆடி பிறக்குமுன் அழைத்து வந்துவிட வேண்டும்.

ஜூன் 12

மாப்பிள்ளை வேலை விஷயமாக வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அறையை முகர்ந்து பார்த்தார். மரியாதையான பையன், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவருடைய அம்மா போனில் சொன்னார்கள். பூஞ்சை பிடித்த அறையில் பச்சைப் பிள்ளையை எப்படிப் போடுவது, பிரசவத்தை மதுரையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று.

உலகம்மாள் போனை வைத்துவிட்டு மேற்கு அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். அப்புறம், "மொதப் பிள்ளைக்குத் தாய்வீட்டுல ஒரு காஞ்ச செவரு இல்லைன்னா, இந்த வீட்ட எதுக்குக் கெட்டினிய?" என்றாள்.

பதில் எழுத இடம் விட்டிருக்கிறேன்.

ஜூன் 15

வடிவிடம் போனேன். உலகம்மாளைத் தூது அனுப்பப் பார்த்தேன். "அளக்கப் போகும்போது என்னக் கேட்டியளா?" என்று சொல்லிவிட்டாள்.

வடிவு கிரைண்டரை நிறுத்தாமலேயே கேட்டாள். ஒரு பத்து நாள் சாரம் கட்ட இடம் வேண்டும் என்பதைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஒங்க எடத்துல நின்னு பூசுங்க சார். புதுசா ஒம்போது இஞ்சு கெடச்சிருக்குல்லா, அதுல நிப்பாட்டுங்க கொத்தனார."

"அதுலதான் செவரு நிக்கும்மா."

"அப்ப செவத்தையே பூசச் சொல்லுங்க."

வந்துவிட்டேன்.

ஜூன் 16

மாடியிலிருந்து கயிற்றில் பலகை கட்டித் தொங்கவிட்டுப் பூசலாம் என்று ஒரு திட்டம் வரைந்தேன். அளவுகளோடு, அழகான படம். பேச்சிமுத்து அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"சார், எனக்கு ரெண்டு பொண்ணு கெட்டிக்குடுக்கணும். நீங்க வேணா தொங்குங்க. நான் கீழ நின்னு எப்பிடிப் பூசணும்னு சொல்லுதேன்."

கீழே நிற்கவும் இடமில்லை என்பதை இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம்.

ஜூன் 20

நாலு நாளாகச் சாயங்காலம் தூக்குவாளியோடு வடிவு வீட்டு வாசலில் மாவு வாங்க வரிசையில் நிற்கிறேன். பேச்சை எடுக்க வாய் வரவில்லை. மாவு மட்டும் வந்துகொண்டிருக்கிறது. வீட்டில் மூன்று வேளையும் இட்லி. உலகம்மாள் இன்று எனக்கு இட்லி உப்புமா வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தாள்.

ஜூன் 21

இன்று என் முறை வந்ததும் வடிவு அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இன்னும் எத்தன நாளைக்கு இட்லியே திம்பிய? கேக்க வேண்டியதக் கேளுங்க."

எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். கேட்டேன். மகள் வருகிறாள், அறை ஈரமாக இருக்கிறது, தயவுசெய்து என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று நினைவில்லை.

"எத்தன மாசம்?"

"ஏழு முடியப்போவுது."

அகப்பையை எடுத்து என் வாளியில் மாவை ஊற்றினாள். "வேலையாளுவ வெத்தல போட்டு என் கொல்லையில துப்பக்கூடாது. வேல முடிஞ்சதும் புது வேலி நீங்களே நட்டுத் தரணும். அப்பொறம் ஒங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, புளிச்ச மாவக் கீழ கொட்ட வேண்டாம், பணியாரம் சுடலாம்."

ஜூன் 24

சாரம் கட்டினோம். முதன்முதலாக என் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தேன். அசிங்கம். செங்கல் இடுக்கில் பிதுங்கிய சிமெண்ட் அப்படியே தொங்குகிறது. என் வீட்டில் யாருக்கும் தெரியாத இந்தப் பக்கத்தை வடிவு தன் அடுக்களை ஜன்னல் வழியாக எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பின்மூலையில் சாரக்கம்புக்குக் குழி தோண்டும்போது கடப்பாரை ஒரு கல்லில் தட்டியது. பெரிய விஷயமில்லை. மூடிவிட்டு ஓரடி தள்ளித் தோண்டச் சொன்னேன்.

ஜூன் 25

இன்று விசேஷம் ஒன்றுமில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வெயில் இல்லாததால் இருக்கலாம்.

ஜூன் 26

உள்ளது உள்ளபடி எழுதுவதாக முதல் பக்கத்தில் பெருமையடித்திருக்கிறேன். எழுதுகிறேன்.

கடப்பாரையில் தட்டியது சர்வே கல். தலையில் உளியால் வெட்டிய குறி தெளிவாக இருக்கிறது. போன வருடம் அளந்தபோது பின்மூலைக் கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. தெருப்பக்கத்துக் கல் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்குப் போட்டு முடித்தேன். தெருவில் சாக்கடை கட்டியபோது அந்தக் கல்லைப் பெயர்த்துத் தள்ளி நட்டிருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லித்தந்த முதல் பாடமே, ஒரே கல்லை நம்பாதே, மூன்று எல்லைகள் கூடுமிடத்து முச்சந்திக் கல்லிலிருந்து சரிபார் என்பதுதான். அன்று தெருமுனையில் இருந்த முச்சந்திக் கல்லைச் சுற்றி முள் மண்டிக் கிடந்தது. வெயில். நாலு பேர் காத்திருந்தார்கள். எனக்கு என் வசனத்தைச் சொல்ல அவசரம்.

இன்று விடிந்ததும் தெருவில் ஆள் நடமாடுமுன் போய், முள்ளை விலக்கி, முச்சந்தியிலிருந்து அளந்தேன். மூன்று தடவை. கிளுவை வேலி இருந்த இடம்தான் எல்லை. ஒன்பது அங்குலம் அவளுடையது. என் சுவரின் கனமும் ஒன்பது அங்குலம். அதாவது சுவர் முழுக்க அவள் மண்ணில் நிற்கிறது. நான் போட்ட கணக்குகளில் இவ்வளவு வகையாக வந்தது வேறில்லை.

வேலை முடிந்ததும் சொல்லலாம் என்றிருக்கிறேன். இப்போது சொன்னால் சாரத்தைப் பிரிக்கச் சொல்வாள், அறை காயாது, இந்து வரமாட்டாள். மகளுக்காகத்தான். எழுதிப் பார்க்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது.

ஜூலை 1

தார்ப்பாய் கட்டி, நீர் இறங்காமலிருக்க மருந்து கலந்து, முதல் பூச்சு முடிந்தது. நனைத்துவிடும் வேலையைச் சாரல் பார்த்துக்கொள்கிறது. வடிவு ஆட்களுக்குப் பதினொரு மணிக்கு மோர் கொடுக்கிறாள். எனக்கும் ஒரு டம்ளர். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். அதைக் குறைசொல்லும் நிலையில் நான் இல்லை.

உள்ளே ஈரத்தின் பரப்பளவு குறைகிறது. என்னுடைய பரப்பளவும்.

ஜூலை 3

இரண்டாவது பூச்சு பாதியில் நிற்கிறது. காரணம் நான்.

காலையில் வடிவு சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா வழவழன்னு வந்திருக்கு" என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒண்ணு சொல்லணும் சார். வேலியப் பிடுங்குன அன்னைக்கு நான் மண்ண வாரித் தூத்துனேன். ஒங்க குடும்பத்துக்குச் சாபம் விட்டேன். மக உண்டாயிருக்கான்னு நீங்க சொன்னீயல்லா, அன்னைக்கே கோயிலுக்குப் போயி, தெரியாம சொல்லிட்டேன் தாயே, அளந்தவரு சரியாத்தான் அளந்திருப்பாரு, என் நாக்குதான் தப்புன்னு சொல்லிட்டு வந்தேன்."

மோர் டம்ளர் கையில் இருந்தது.

"சரியா அளக்கல" என்றேன்.

அவளைப் பின்மூலைக்குக் கூட்டிப்போய், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மண்ணைக் கையாலேயே தோண்டி எடுத்தேன். கல்லைக் காட்டினேன். முச்சந்திக் கல்லைச் சொன்னேன், சாக்கடையைச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். சர்வே பாஷையில் சொன்னால் அவமானம் குறையும் என்று நினைத்துக் கொஞ்சம் அப்படியும் சொன்னேன்.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஜூலை 4

ஆட்கள் வந்து திரும்பிப் போனார்கள். சாரம் நிற்கிறது. வடிவு வீட்டில் இன்று மாவு இல்லை. உலகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "இன்னைக்காவது சோறு எறங்கும் ஒங்களுக்கு" என்றாள். இறங்கவில்லை.

ஜூலை 5

காலையில் கொல்லையிலிருந்து வடிவு கூப்பிட்டாள்.

"அன்னைக்கு நாலு பேர நிப்பாட்டிவச்சுச் சொன்னிய, என் வேலி தப்புன்னு. நாலு பேரும் சிரிச்சாவ. மாவு வாங்க வாரவளெல்லாம் ஒரு மாசம் கேட்டா, எடத்தத் திருடிட்டியாமேன்னு. என் வீட்டுக்காரரு ஊருக்கே கடிதாசி குடுத்த மனுசன், ஒரு மணியார்டர்ல கூட கைவச்சதில்ல. அதே நாலு பேர நிப்பாட்டிச் சொல்லுங்க. அப்பொறம் சாரத்துல ஆள ஏத்துங்க."

தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேனே என்றேன்.

"அதுவும் எழுதித் தாங்க. மொதல்ல சொல்லுங்க."

ஜூலை 6

ஞாயிற்றுக்கிழமை. நாலு பேரும் வந்தார்கள். அரிசிக்கடை தங்கராசு, டீக்கடைக்காரர், எதிர்வீட்டு மெய்தீன் பாய், ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். கேட் இல்லாததால் தெருவில் போனவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். கேட்டை முதலில் மாட்டியிருக்க வேண்டும்.

மனப்பாடம் செய்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "வேலி சரி, நான்தான் தப்பு. இந்தம்மா ஓரங்குலம் கூட யார் மண்ணையும் எடுக்கல. நான்தான் இவங்க மண்ணுல செவரு வச்சிருக்கேன்" என்றேன். அவ்வளவுதான். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுதிய தாளை வடிவிடம் கொடுத்தேன். முந்தானையில் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"செவத்த இடிச்சி நான் என்ன செய்யப்போறேன்? நிக்கட்டும். ஆனா என் எடத்துல நிக்க செவத்துக்கு நான் சொல்லுத நெறம்தான் அடிக்கணும். வருசாவருசம் நீங்கதான் அடிக்கணும்."

"என்ன நெறம்மா?"

"ரோஸு."

எல்லோரும் கலைந்தார்கள். தங்கராசு மட்டும் போகவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"சார், எனக்கும் எங்க அண்ணனுக்கும் ரெண்டாயிரத்து மூணுல நீங்கதான அளந்தது?"

ஆமாம் என்றேன்.

"அது எத்தன கல்ல வச்சி அளந்திய?"

நினைவில்லை. உண்மையாகவே நினைவில்லை. வந்து பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 10

மேற்குச் சுவருக்கு ரோஸ் சிமெண்ட் பெயிண்ட் இரண்டு கை அடித்தாயிற்று. மற்ற மூன்று பக்கமும் சந்தனம். பேச்சிமுத்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, தன் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வடிவுக்குப் பரம திருப்தி. பழைய கோட்டில், சுவருக்கு முன்னும் பின்னும் மிஞ்சுகிற இடத்தில் கிளுவைப் போத்துகளை வெட்டி வந்து நானே நட்டேன்.

உள்ளே மேற்கு அறை காய்ந்துவிட்டது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

தங்கராசு தவிர, இதுவரை ஏழு பேர் வந்து கேட்டுவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒருவரும் என்னைத் தேடி வருவதில்லை என்று வருத்தப்பட்டவன் நான்.

ஜூலை 13

இந்துமதி வந்துவிட்டாள். கூடவே சம்பந்தியம்மாளும் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். உலகம்மாள் அடுக்களைக்குள் போய் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அடக்கவில்லை.

காலையிலேயே தங்கராசு வீட்டை அளந்து முடித்தேன். இந்தத் தடவை மூன்று கற்களிலிருந்து. டேப்பின் ஒரு முனையை அண்ணன் பிடித்தார், மறுமுனையைத் தம்பி பிடித்தார். எண்ணை இரண்டு தடவை படித்தேன். பழைய அளவு சரி. அண்ணனுக்கும் தம்பிக்கும் இருபத்திரண்டு வருடமாகப் பேச்சில்லை. இன்று வெயிலில் நிற்கவைத்ததற்காக இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

சாயங்காலம் இந்து மேற்கு அறையில் காலை நீட்டி உட்கார்ந்து, வந்து கேட்டவர்களின் பெயர்களை, இந்த மூன்று நாளில் கூடிய நாலு பேரையும் சேர்த்து, நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தன பேருப்பா?"

"பதினோரு பேரும்மா."

"எல்லாம் சரியா இருந்தா?"

"சந்தோஷம்."

"இல்லைன்னா?"

"போயிச் சொல்லணும்."

பதினொன்று என்று சொன்னது பொய். பன்னிரண்டு. பன்னிரண்டாமவர் வந்து கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், கடையம் போகிற பாதையில் சங்கரலிங்கத்தின் வயலை அளந்தேன். முச்சந்திக் கல் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் புது பேண்ட் போட்டிருந்தேன், இறங்கவில்லை. இருந்த ஒரு கல்லை வைத்து அளந்து கோடு போட்டேன். கோடு கிணற்றைத் தாண்டி அவர் பக்கம் போய் விழுந்தது. கிணறு பக்கத்து வயல்காரருக்குப் போயிற்று. சங்கரலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டு, இன்னொரு தடவை பாருங்கள் ஐயா என்றார். நான் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் தரிசாகப் போட்டுவிட்டு, வந்த விலைக்கு விற்றுவிட்டு, குடும்பத்தோடு திருப்பூர் பக்கம் போய்விட்டார். இருபத்தேழு வருடமாக அந்த அளவு சரி என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

நாளைக் காலை ஓடையில் இறங்கப்போகிறேன்.